புரதத்துக்கு ஒரு வால், ஆன்டிபாடிக்கு ஒரு விளக்கு

செல்களை உடைத்து உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு குழாயில் எடுத்தால், பார்ப்பதற்குக் கொஞ்சம் கலங்கிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதற்குள் பல ஆயிரம் வகைப் புரதங்கள் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிறமும் கிடையாது. நீங்கள் தேடுவதோ அதில் ஒன்றே ஒன்றை. அது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, செல்லின் எந்த மூலையில் இருக்கிறது, வேறு எந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதற்கு ஆய்வகங்களில் தினமும் கையாளும் வழி ஒன்று உண்டு. தேடும் புரதத்தின் நுனியில் சின்னதாக ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு, அந்த அடையாளத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியின் மேல் ஒளிரும் சாயத்தையோ நொதியையோ ஏற்றி உள்ளே அனுப்புவார்கள். முதலாவதற்கு டேக் என்று பெயர், இரண்டாவதற்கு லேபிள். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். டேக் இருப்பது புரதத்தில், லேபிள் இருப்பது ஆன்டிபாடியில். டேக் ஒளிராது. லேபிளுக்கோ உங்கள் புரதம் யாரென்றே தெரியாது.

ஆன்டிபாடி எதைப் பார்க்கிறது?

பாடநூல்களில் எதிர்ப்பொருள் என்று வரும் ஆன்டிபாடியும் ஒரு புரதம்தான். கவட்டைக் கம்பு போன்ற வடிவம். இரண்டு கிளைகளின் நுனியும் பிடிப்பதற்கு, கீழே உள்ள காம்பு மற்ற வேலைகளுக்கு. ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் வகையின் எடை சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). இவ்வளவு பெரிய உருவமாக இருந்தாலும் அதன் நுனி ஒன்றில் அடங்கும் இடம் மிகச் சிறியது. ஆகவே ஆன்டிபாடி எந்தப் புரதத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி அமினோ அமிலங்களை மட்டும் பார்க்கிறது. அந்தச் சிறு பகுதிதான் எபிடோப்.

சில எபிடோப்கள் புரதம் சரியாக மடிந்திருக்கும்போது மட்டுமே உருவாகும். புரதத்தைச் சூடாக்கினாலோ சோப்பு போன்ற ஒன்றைக் கலந்து விரித்துவிட்டாலோ அவை காணாமல் போய்விடும். வேறு சில, அடுத்தடுத்து வரிசையாக நிற்கும் ஐந்தாறு அமினோ அமிலங்கள் மட்டுமே. புரதம் மடிந்திருந்தாலும் விரிந்திருந்தாலும் அந்த வரிசை மாறாது. இந்த இரண்டாவது வகையை வெட்டி எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டினால், அதே ஆன்டிபாடி அங்கேயும் வந்து பிடிக்கும். டேக் என்ற யோசனை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது.

உங்கள் புரதத்துக்கென்றே ஓர் ஆன்டிபாடி தயாரித்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். தயாரிக்கலாம். பல மாதம் பிடிக்கும். வந்த பிறகும் அது உங்கள் புரதத்தோடு அதன் நெருங்கிய உறவுக்காரப் புரதங்களையும் சேர்த்துப் பிடிக்கலாம், எதையுமே பிடிக்காமலும் போகலாம். அடுத்த புரதத்துக்குப் போகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டேக் இருந்தால் நன்றாகப் பழகிய ஒரே ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு நூறு புரதங்களைத் துரத்தலாம்.

அப்படிப் பழகிய ஆன்டிபாடி எப்படிக் கிடைத்தது என்றால், அதற்கு 1975-க்குப் போக வேண்டும். ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே மாதிரி ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் செல் வரிசைகளை உருவாக்கினார்கள். மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பது இதுதான். அதற்காக 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1984-இல் ஷான் மன்ரோ, ஹியூ பெல்ஹம் இருவரும் பழ ஈயின் ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் வாலில், நரம்புகளில் காணப்படும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற சிறு பெப்டைடின், அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலியின், ஒரு துண்டைச் சேர்த்தார்கள். சப்ஸ்டன்ஸ் பி-யைப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தது. அதைக் கொண்டு ஈயின் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஈக்கும் அந்த நரம்புப் பெப்டைடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சம்பந்தமின்மைதான் இங்கே பலம்.

எட்டு அமினோ அமிலங்கள்

இன்று அதிகம் புழங்கும் டேக்குகளில் ஒன்றான ஃபிளாக்கை எடுத்துக்கொள்வோம். 1988-இல் வெளியானது. இயற்கைப் புரதம் எதிலிருந்தும் எடுக்காமல் யோசித்து வடிவமைத்த வரிசை: அஸ்பார்டிக் அமிலம், டைரோசின், லைசின், பிறகு வரிசையாக நான்கு அஸ்பார்டிக் அமிலம், கடைசியில் ஒரு லைசின். மொத்தம் எட்டு. எடை சுமார் 1 கிலோடால்டன். அஸ்பார்டிக் அமிலத்துக்கும் லைசினுக்கும் மின்சுமை உண்டு, தண்ணீரை விரும்புபவை. அதனால் இந்த வால் புரதத்துக்குள் சுருண்டு ஒளிந்துகொள்ளாமல் பெரும்பாலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஆன்டிபாடியின் கைக்கு எட்டும்.

எச்ஏ டேக் ஒன்பது அமினோ அமிலம். இன்ஃபுளுயன்சா வைரஸின் ஹீமாகுளூட்டினின் புரதத்திலிருந்து வந்தது. மிக் டேக் பத்து. இது மனிதனின் சி-மிக் புரதத்தின் வால்பகுதி. இங்கேதான் கவனம் வேண்டும். மனித செல்களில் சி-மிக் இயல்பாகவே இருக்கிறது. மிக் டேக்கைப் பிடிக்கும் பிரபலமான ஆன்டிபாடி அதையும் பிடிக்கும். புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஒரு வெள்ளைச் சவ்வில் பார்க்கும்போது (விவரம் பின்னால் வருகிறது), நீங்கள் எதையுமே சேர்க்காத செல்லில்கூட 60 கிலோடால்டனை ஒட்டி ஒரு கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வீட்டுக்காரர். வி5 என்று இன்னொன்று, 14 அமினோ அமிலம், அதுவும் ஒரு வைரஸிலிருந்துதான். ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட ஹிஸ் டேக்கும் உண்டு. ஆனால் அதை நிக்கல் கொண்டு சுத்திகரிப்பதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆன்டிபாடி வைத்துத் தேடுவதற்கு நான் அதைக் கடைசியாகத்தான் எடுப்பேன். ஹிஸ்டிடின்கள் அடுத்தடுத்து வரும் புரதங்கள் செல்லிலேயே உண்டு.

டேக்கைப் புரதத்தில் எப்படி ஒட்டுவது? பசை எதுவும் கிடையாது. மரபணுவிலேயே எழுதிவிட வேண்டும். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று டிஎன்ஏ எழுத்து, ஆகவே ஃபிளாக்குக்கு 24 எழுத்து. வாலில் வேண்டுமென்றால் புரதத்தின் கடைசி அமினோ அமிலத்துக்கும் முற்றுப்புள்ளிக் குறியீட்டுக்கும் நடுவில் அந்த 24 எழுத்தைச் செருக வேண்டும். முற்றுப்புள்ளிக்குப் பின்னால் செருகினால் செல் அதைப் படிக்கவே படிக்காது. ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். எட்டு அமினோ அமிலத்துக்குப் பதில் ஏதோ உளறல் வரும். ஆன்டிபாடிக்கு உளறல் புரியாது. வெள்ளைச் சவ்வை வெறித்துப் பார்த்துக்கொண்டு ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டது என்று திட்டுவதற்கு முன்னால் டிஎன்ஏ வரிசையைப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

தலையா, வாலா?

டேக்கைத் தொடக்கத்திலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். இது விருப்பத்தைப் பொறுத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை.

செல்லை விட்டு வெளியேறும் புரதங்களுக்கும் செல்லின் மேல்சவ்வில் குடியேறும் பல புரதங்களுக்கும் தலையில் சுமார் 20 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு வழிகாட்டித் துண்டு இருக்கும். போய்ச் சேர வேண்டிய பாதையில் ஏறியதும் செல் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடும். அதற்கு முன்னால் டேக்கை வைத்தால் டேக்கும் சேர்ந்து போய்விடும். துண்டுக்கு அடுத்துச் செருக வேண்டும். வாலிலும் இதே கதை உண்டு. செல்லுக்குள் புரதங்கள் தயாராகும் இடங்களில் ஒன்றான எண்டோபிளாச வலைக்குள் தங்கும் புரதங்கள் பலவற்றின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லூசின். ‘இவரை வெளியே விடாதே’ என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு அது. 1987-இல் இதைக் கண்டறிந்தவர்களும் மேலே சொன்ன மன்ரோ, பெல்ஹம் இருவரும்தான். அந்த நான்குக்குப் பின்னால் நீங்கள் ஒரு டேக்கை ஒட்டினால் குறிப்பு மறைந்துவிடும், புரதம் வெளியே கசிந்துவிடும். அடையாளம் காணப் போய் ஆளையே இடம் மாற்றிவிட்ட கதையாகும்.

இன்னொரு விளைவும் உண்டு. 60 கிலோடால்டன் எடையுள்ள புரதத்தைச் செல் நடுவில் வெட்டி 40, 20 என்று இரண்டு துண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பக்கத் துண்டு 40, வால்பக்கத் துண்டு 20. தலையில் டேக் வைத்திருந்தால் நீங்கள் பார்ப்பது 40 மட்டும். வாலில் வைத்திருந்தால் 20 மட்டும். மற்ற துண்டு குழாயில் பத்திரமாக இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் இல்லை. ஒரே புரதத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வேறு வேறு எடை சொல்லிச் சண்டை போட்டால், யார் எந்தப் பக்கம் டேக் வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

விளக்கை ஏற்றுவது

ஆன்டிபாடி டேக்கைப் பிடித்துவிட்டது. சரி, அது பிடித்ததை நாம் எப்படிப் பார்ப்பது? ஆன்டிபாடியும் நிறமற்றதுதான். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸும் அவரது குழுவும் நிமோனியா கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியில் ஒளிரும் வேதிப்பொருளை இணைத்துக் காட்டினார்கள். முதலில் இணைத்தது நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் தம் பங்குக்கு நீலமாக ஒளிர்வதால் வேறுபாடு தெரியவில்லை. அப்புறம் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார்கள். இன்றும் அந்தக் குடும்பத்துச் சாயங்கள்தான் பல ஆய்வகங்களில் ஓடுகின்றன. 490 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைப் பாய்ச்சினால் 520-ஐ ஒட்டிய பச்சை ஒளியைத் திருப்பித் தரும். நுண்ணோக்கியின் வடிகட்டி நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடும்.

சாயத்தைப் பெரும்பாலும் ஆன்டிபாடியில் உள்ள லைசின்களில்தான் இணைப்பார்கள். அதில் ஓர் அளவு உண்டு. நிறைய ஏற்றினால் நிறைய வெளிச்சம் வரும் என்று தோன்றும். ஆனால் சாய மூலக்கூறுகள் நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும். பிடிக்கும் நுனியிலேயே லைசின் இருந்து அதில் சாயம் ஏறிவிட்டால் பிடிப்பும் போகும். வீட்டுச் சமையல் மாதிரி நீங்களே லேபிள் ஏற்றப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: ஆன்டிபாடி இருக்கும் கரைசலில் அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் டிரிஸ் என்ற தாங்கல் பொருளோ ஆல்புமின் என்ற புரதமோ இருக்கக்கூடாது. சாயம் அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு தீர்ந்துவிடும்.

சாயத்துக்குப் பதில் நொதியை ஏற்றுவதும் வழக்கம். ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்கிலிருந்து வரும் பெராக்ஸிடேஸ், சுருக்கமாக எச்ஆர்பி. ஹைட்ரஜன் பெராக்சைடும் லூமினாலும் கொடுத்தால் இந்த நொதி லூமினாலை மாற்றும்போது நீல வெளிச்சம் வரும். ஒரு நொதி மூலக்கூறு ஒன்றன்பின் ஒன்றாக ஏராளமான லூமினாலை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மிகக் குறைந்த புரதத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆன்டிபாடியில் பூஞ்சை, பாக்டீரியா வராமலிருக்க சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் உண்டு. எச்ஆர்பி ஏற்றிய ஆன்டிபாடியில் மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள். அசைடு இந்த நொதியை முடக்கிவிடும்.

நேரடியாகவா, தூதர் மூலமாகவா?

டேக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடியிலேயே லேபிள் இருந்தால் அது நேரடி முறை. டேக்கைப் பிடிப்பது வெறும் ஆன்டிபாடியாக இருந்து, அதைப் பிடிக்க வரும் இரண்டாவது ஆன்டிபாடியில் லேபிள் இருந்தால் மறைமுக முறை. முதலாவதைப் பிரைமரி என்றும் இரண்டாவதைச் செகண்டரி என்றும் சொல்வார்கள். பிரைமரி எலியில் உருவானது என்றால், எலி ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடியைச் செகண்டரியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரைமரியின் மேல் பல செகண்டரிகள் வந்து உட்காரும். அதனால் வெளிச்சம் கூடும். செலவும் குறைவு. பிறகு ஏன் நேரடி முறை?

இதற்கு என் சொந்த அசடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாக் டேக் உள்ள புரதம் ஒன்று, எச்ஏ டேக் உள்ள புரதம் ஒன்று. இரண்டும் செல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபிளாக்கைப் பிடிக்கும் எலி ஆன்டிபாடியைச் சிறு மணிகளில் ஏற்றி, முதல் புரதத்தைக் குழாயிலிருந்து இழுத்தெடுத்தேன். கூட வந்த கூட்டத்தில் எச்ஏ இருக்கிறதா என்று இன்னோர் எலி ஆன்டிபாடியால் தேடினேன். மேலே எச்ஆர்பி ஏற்றிய செகண்டரி. நான் எதிர்பார்த்த எடை 52 கிலோடால்டன். 50-ஐ ஒட்டித் தடிமனாக, கறுப்பாக ஒரு கோடு வந்தது. இரண்டு வாரம் தரையில் கால் பாவவில்லை.

விஷயம் என்னவென்றால், ஆன்டிபாடியைக் கொதிக்க வைத்துப் பிரித்தால் 50 கிலோடால்டனில் கனமான சங்கிலியும் 25-இல் இலேசான சங்கிலியும் வரும். மணிகளில் நான் ஏற்றிய எலி ஆன்டிபாடி கரைந்து ஜெல்லில் ஓடி 50-இல் நின்றிருக்கிறது. எலி ஆன்டிபாடி எதுவாக இருந்தாலும் பிடிக்கும் செகண்டரி அதையும் பிடித்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எச்ஏ ஆன்டிபாடியிலேயே நேரடியாக எச்ஆர்பி ஏற்றியதை வாங்கி மறுபடி செய்தேன். செகண்டரியே கிடையாது. 50-இல் இருந்த கோடு மறைந்தது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. எலித் திசுவில் எலி ஆன்டிபாடியை வைத்துத் தேடும்போதும் இதே தொல்லை வரும், இதே மருந்துதான்.

சவ்விலும் செல்லிலும்

தேடும் மேடைகளில் ஒன்று வெஸ்டர்ன் பிளாட். 1979-இல் ஹாரி டவ்பின் குழு வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. புரதக் கலவையைச் சோப்பு போன்ற எஸ்டிஎஸ் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டி எடை வாரியாகப் பிரிப்பார்கள். பின் ஜெல்லில் இருப்பதை ஒரு வெள்ளைச் சவ்வுக்கு மாற்றுவார்கள். சவ்வு எந்தப் புரதத்தையும் ஒட்டிக்கொள்ளும், ஆன்டிபாடியையும்தான். அதனால் காலி இடங்களை முதலில் 5 சதவீத ஆடையில்லாப் பால்பொடிக் கரைசலால் நிரப்பிவிடுவார்கள். ஆம், பால்தான். அதன் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற மாதிரி நீர்த்த ஆன்டிபாடி, டுவீன் என்ற சவர்க்காரம் கலந்த தாங்கல் கரைசலில் மூன்று நான்கு முறை அலசல், லூமினால், கேமரா. அலசுவதில் அவசரப்பட்டால் சவ்வு முழுவதும் சாம்பல் பூத்துவிடும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் விரிந்து கிடப்பதால் டேக் ஒளிந்துகொள்ள வாய்ப்பில்லை. மடிந்த நிலையில் இழுத்தெடுக்கும்போதும் செல்லுக்குள் பார்க்கும்போதும்தான் டேக் மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். அப்போது டேக்குக்கும் புரதத்துக்கும் நடுவில் கிளைசினும் செரினும் கலந்த தளர்வான சிறு கயிறு ஒன்றைச் சேர்ப்பார்கள், அல்லது ஃபிளாக்கை மூன்று முறை அடுத்தடுத்து வைப்பார்கள்.

செல்லுக்குள்ளே இடம் பார்க்க வேண்டுமென்றால் செல்லை 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் உறைய வைத்து, டிரைட்டான் என்ற சவர்க்காரத்தால் சவ்வில் துளைகள் போட்டு, சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை உள்ளே விடுவார்கள். துளை போடாவிட்டால் 150 கிலோடால்டன் ஆன்டிபாடி உள்ளே நுழைய முடியாது. இந்த இயலாமையையே ஒரு கருவியாக்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம். மேல்சவ்வைத் துளைத்துக்கொண்டு நின்று வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் ஓர் ஏற்பிப் புரதத்தின் தலை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? தலையில் டேக் வைத்து, துளை போடாத செல்லுக்கு ஆன்டிபாடியைக் கொடுங்கள். செல்லைச் சுற்றி வளையம் போலப் பச்சை தெரிந்தால் தலை வெளியே. ஒன்றும் தெரியாமல், துளை போட்ட பிறகு மட்டும் தெரிந்தால் உள்ளே. அதே செல்லில் எத்தனை பங்கு ஏற்பி மேலே வந்திருக்கிறது, எத்தனை பங்கு உள்ளேயே தங்கிவிட்டது என்று அளப்பதற்கும் இதுதான் வழி. நுண்ணோக்கிக்குப் பதில், செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃபுளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் ஆயிரக்கணக்கான செல்களைச் சில நிமிடங்களில் எண்ணிவிடலாம்.

எது தெரிந்தாலும் நீங்கள் பார்ப்பது லேபிளின் வெளிச்சத்தை. லேபிள் ஆன்டிபாடியில் இருக்கிறது, ஆன்டிபாடி டேக்கில் இருக்கிறது, டேக் புரதத்தில் இருக்கிறது என்று மூன்று நம்பிக்கைகளைத் தாண்டித்தான் புரதத்துக்கு வந்து சேர்கிறோம். ஆகவே ஒவ்வொரு சோதனையிலும், அதே புரதத்தை டேக் இல்லாமல் தயாரிக்கும் செல்களையும் கூடவே வைத்து, அதே ஆன்டிபாடியை அதே அளவில் கொடுங்கள். அங்கேயும் வெளிச்சம் வந்தால் அது உங்கள் புரதத்தின் வெளிச்சம் அல்ல. செகண்டரி பயன்படுத்தினால் பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் கொடுத்த ஒரு துண்டும் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், ஆன்டிபாடியில் ஃபிளாக் பெப்டைடை அளவுக்கு அதிகமாகக் கலந்து கொடுத்துப் பாருங்கள். ஆன்டிபாடியின் கைகள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் உண்மையான கோடு மங்கிவிடும், போலிக் கோடு அப்படியே நிற்கும். என்னுடைய அந்த 50 கிலோடால்டன் கோடு டேக் இல்லாத பாதையிலும் இருந்தது. இடம் மிச்சம் என்று படத்தில் அந்தப் பாதையை ஓரமாக வெட்டிவிட்டிருந்தேன்.